ஹங்கேரியின் 303 எக்ஸ்பிரஸ் எஞ்சின்: இரண்டோடு ஏன் நிறுத்தினார்கள்?

முதலியார்பேட்டை மாடல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். மரத்திலும் தகரத்திலும் ரயில் எஞ்சின் மாடல் செய்கிறவன் நான், 1:20 அளவில். நம் மீட்டர்கேஜ் ஸ்டீம் எஞ்சின்களான ஒய்பி, ஒய்ஜி இரண்டும் முடிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டன. அடுத்து வெளிநாட்டு எஞ்சின் ஒன்று செய்ய ஆசை.

புடாபெஸ்டில் வேலை பார்க்கும் என் தங்கை அங்கே இருக்கும் ரயில்வே வரலாற்றுப் பூங்காவுக்குப் போய் நிறையப் படங்கள் அனுப்பியிருக்கிறாள். அதில் 303.002 என்று எண் போட்ட ஒரு எக்ஸ்பிரஸ் எஞ்சின். பார்த்த நொடியிலேயே இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். 4-6-4 அமைப்பு, அதாவது முன்னால் நாலு சின்னச் சக்கரம், நடுவில் வண்டியை இழுக்கும் ஆறு, பின்னால் நாலு. நடுவில் இருக்கும் ஆறு பெரிய சக்கரங்களும் 2 மீட்டர் விட்டம். தங்கை பக்கத்தில் நிற்கிற படத்தில் சக்கரத்தின் மேல்விளிம்பு அவள் தலையைத் தாண்டிப் போகிறது. நம் ஒய்பி சக்கரம் 1372 மில்லிமீட்டர்தான், நெஞ்சு உயரம்கூட வராது.

தேடியதில் தெரிந்தது இவ்வளவுதான்: 1951-ல் செய்தார்கள், மொத்தமே இரண்டு எஞ்சின். அதற்கு மேல் போகவில்லை. இவ்வளவு அழகாக ஒன்றைச் செய்துவிட்டு ஏன் நிறுத்தினார்கள்? எஞ்சின் சரியில்லையா? அதற்கு முன்னால் அங்கே எக்ஸ்பிரஸ் வண்டிகளை எந்த எஞ்சின் இழுத்தது? மாடல் பக்கத்தில் வைக்கும் பலகையில் நாலு வரி எழுதுவது என் வழக்கம். அதில் "தோல்வியடைந்த எஞ்சின்" என்று எழுத மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓ.டி. ஜங்ஷன் எழுதியது:

கடலூர் முதுநகரிலிருந்து (எங்களுக்கு ஓ.டி.). சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவாக எழுத இங்கே ஆள் இருக்கிறார்.

1951-ல் ஸ்டீம் எஞ்சின் செய்ததை வைத்து அவர்கள் பின்தங்கியிருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பிரிட்டானியா வகை வெளிவந்ததும் அதே 1951-தான். நம் சித்தரஞ்சன் ஆலை 1950-ல் ஸ்டீம் எஞ்சினோடுதான் தொடங்கியது, 1972 வரைக்கும் விடவில்லை. ஆகவே காலம் கடந்து செய்தார்கள் என்பது காரணமாக இருக்க முடியாது. டீசலும் மின்சாரமும் வரப்போகிறது என்று தெரிந்து நிறுத்தியிருப்பார்கள் என்பது என் எண்ணம். கெடிலக்கரை சார் வந்தால் நிலக்கரியிலிருந்து ஆரம்பிப்பார், பாருங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

ஆமாம் தம்பி, நிலக்கரியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினைப் பார்க்கிறவர்கள் முதலில் சக்கரத்தைப் பார்ப்பார்கள். நெய்வேலியில் பாய்லர் பக்கமே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், என் கண் முதலில் நிலக்கரி எரியும் ஃபயர்பாக்ஸுக்குத்தான் போகும். ஹங்கேரி எஞ்சின்களை நான் விரும்பிப் படிக்க ஆரம்பித்ததே அவர்கள் பாய்லரைப் பார்த்துத்தான்.

303-க்கு நாற்பது வருஷம் முன்னால் போவோம். 1911-ல் 301 என்ற வகை வந்தது. 4-6-2, நம் ஒய்பி மாதிரியே பசிபிக் அமைப்பு. சக்கரம் 1826 மில்லிமீட்டர். நாலு சிலிண்டர், காம்பவுண்டு. அதாவது, ஒரு சிலிண்டரில் வேலை செய்து பாதி சக்தி இழந்த நீராவியை வெளியே விட்டுவிடாமல் இன்னொரு பெரிய சிலிண்டருக்கு அனுப்பி மறுபடியும் வேலை வாங்குவது. அன்றைய ஹங்கேரி பெரிய நாடு. தென்மேற்கே ஃபியூமே துறைமுகம், கிழக்கே டிரான்சில்வேனியா மலை, வடக்கே இன்றைய ஸ்லோவாக்கியா எல்லாம் அதற்குள். புடாபெஸ்டிலிருந்து நாலா பக்கமும் நீண்ட தூரம் கனமான எக்ஸ்பிரஸ் வண்டி ஓடிய காலம். அதற்குச் செய்த எஞ்சின் 301.

அடுத்த வருஷமே, 1912-ல், 327 வந்தது. 4-6-0, இரண்டே சிலிண்டர், சக்கரம் அதே 1826. நீராவியைக் கொதிநிலைக்கு மேலே இன்னும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் வந்த பிறகு காம்பவுண்டு செய்வதால் கிடைக்கிற மிச்சம் குறைந்துபோனது. நாலு சிலிண்டருக்கு எண்ணெய் ஊற்றி, உள்பக்க கிராங்க்கைப் பராமரித்து அவதிப்படுவதைவிட இரண்டு சிலிண்டரே போதும் என்று ஷெட் ஆட்கள் நினைப்பது எந்த நாட்டிலும் சகஜம். 327-ன் வழியில்தான் முதல் உலகப் போர் முடிந்ததும் 328 வந்தது. அதுவும் 4-6-0, அதே 1826. புடாபெஸ்டிலும் செய்தார்கள், ஜெர்மனியின் ஹென்ஷெல் ஆலையிலும் செய்து வாங்கினார்கள்.

இப்போது நிலக்கரிக்கு வருகிறேன். அங்கே கிடைத்ததில் பெரும்பகுதி பழுப்பு நிலக்கரி. நமக்குப் பழக்கமான சரக்குதான். ஈரம் அதிகம், சூடு குறைவு, சாம்பல் அதிகம், கந்தகமும் உண்டு. அந்தக் காலத்து ஃபயர்பாக்ஸ் செம்புத் தகட்டால் ஆனது. கந்தகப் புகை செம்பை அரித்துவிடும். தகட்டை மாற்றுவது சாதாரண வேலை இல்லை, தகட்டைத் தாங்கிப் பிடிக்கும் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும், செம்பின் விலை வேறு.

இதற்கு ஆஸ்திரியாக்காரர் யோஹான் ப்ரோட்டான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். செம்புத் தகடே வேண்டாம், வரிசையாக எஃகுக் குழாய்களை நிறுத்தி அதையே ஃபயர்பாக்ஸின் சுவராக்கிவிடு, குழாய்க்குள் தண்ணீர் ஓடட்டும் என்றார். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். வாட்டர் வால்! நெய்வேலி பாய்லருக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் நாலு சுவரும் குழாய்தான். ஒரு குழாய் போனால் அதை மட்டும் வெட்டி எடுத்துப் புதிது வைத்து வெல்டிங் செய்தால் போதும். அதே யோசனை 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு ரயில் எஞ்சினுக்குள் இருந்திருக்கிறது. ஆஸ்திரியாவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஹங்கேரிதான் நூற்றுக்கணக்கான எஞ்சின்களில் போட்டது. கெட்ட நிலக்கரி உள்ளவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

தண்ணீர் விஷயமும் அப்படியே. ஹங்கேரி சமவெளித் தண்ணீர் கடினமானது. நம் கடலூரில் போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் பாய்லர் டியூபிலும் படியும். படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, உலோகம் காய்ந்து வீணாகும். அவர்கள் எஞ்சின் படங்களைக் கவனித்தால் பாய்லர் முதுகில் குமிழ் மாதிரி இரண்டு டோம் தெரியும். ஒன்று வழக்கமான ஸ்டீம் டோம். மற்றது பெட்ஸ்-ரெய்டோ என்ற நீர் சுத்திகரிப்பு அமைப்பு. எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரிலிருந்து வரும் தண்ணீர் நேராக பாய்லருக்குள் விழாது. முதலில் அந்த டோமுக்குள் அடுக்கியிருக்கும் தட்டுகள் மேல் விழுந்து வழியும். சுற்றிலும் நீராவி, தண்ணீர் அங்கேயே சூடாகி சுண்ணாம்பைத் தட்டில் விட்டுவிட்டுக் கீழே இறங்கும். ஷெட்டுக்கு வந்ததும் மூடியைத் திறந்து தட்டுகளை வெளியே எடுத்துச் சுரண்டலாம். தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் டிஎம் பிளாண்ட் இல்லாத காலத்தில் ஓடுகிற எஞ்சின் முதுகிலேயே ஒரு சுத்திகரிப்பு நிலையம் வைத்த அந்த மூளையை நான் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

சரி, அப்புறம் 1920. ட்ரியனான் உடன்படிக்கை. ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. ஃபியூமே போனது, மலைப்பாதைகள் போயின, பெட்ரோஷானி பக்கத்து நல்ல நிலக்கரிச் சுரங்கங்கள் ருமேனியாவுக்குப் போயின. நீண்ட தூரம் என்பதே இல்லாத சின்ன நாடாகிவிட்டது. இருக்கிற பணத்தில் எக்ஸ்பிரஸுக்கு ஒன்று, கூட்ஸுக்கு ஒன்று, பாசஞ்சருக்கு ஒன்று என்று தனித்தனியாக எஞ்சின் வைக்க முடியாது.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் 424. பேலா கோர்டினா என்ற பொறியாளரின் வடிவமைப்பு, முதல் எஞ்சின் 1924-ல் வெளிவந்தது. 4-8-0. சக்கரம் 1606 மில்லிமீட்டர், எக்ஸ்பிரஸுக்குச் சின்னது, கூட்ஸுக்குப் பெரியது. இரண்டே சிலிண்டர், ஒவ்வொன்றும் 600 மில்லிமீட்டர் விட்டம். ஆக்சில் லோடு, அதாவது ஒரு அச்சு தண்டவாளத்தில் இறக்கும் எடை, 14 டன்னைச் சுற்றித்தான், அதனால் சாதாரண பாதையிலும் போகும். எட்டுச் சக்கரமும் தண்டவாளத்தைப் பிடிப்பதால் கனத்த வண்டியையும் நழுவாமல் எடுக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம். ஹங்கேரி ரயில்வேக்கு மட்டும் 365 எஞ்சின்கள், அதுபோக யுகோஸ்லாவியா, சோவியத் யூனியன், வடகொரியா என்று வெளியேயும் போயின. 1958 வரை செய்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் எருமை. இன்னொரு பெயர் நூர்மி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கிய பின்லாந்து ஓட்டக்காரர் பாவோ நூர்மியின் பெயர் அது. எருமையின் பலமும் நூர்மியின் ஓட்டமும் ஒரே எஞ்சினில் இருந்தது என்று அந்த ஊர் ஆட்களே சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் 303 நின்றுபோனதற்கு இந்த 424-தான் பாதிக் காரணம் என்பது என் கருத்து. மீதிக் காரணத்தைக் கொஞ்சம் பொறுத்து எழுதுகிறேன், கரண்ட் போகப்போகிறது என்று அறிவிப்பு வந்திருக்கிறது.

முதலியார்பேட்டை மாடல் எழுதியது:

சார், மிக்க நன்றி. படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தங்கை அனுப்பியதில் 424-ம் இருக்கிறது. நீங்கள் சொன்ன இரண்டு டோம், நடுவே ஒரு குழாய், எல்லாம் அப்படியே தெரிகிறது. இரண்டுமே மணல் பெட்டி என்று நினைத்து ஒதுக்கியிருப்பேன்.

ஒரு சந்தேகம். 1606 சக்கரத்தை வைத்துக்கொண்டே எக்ஸ்பிரஸ் ஓட்டிவிட்டார்கள் என்றால், 2 மீட்டர் சக்கரம் யாருக்கு, எதற்கு?

கெடிலக்கரை எழுதியது:

நல்ல கேள்வி. கணக்குப் போட்டால் விடை தெரியும். 1606 சக்கரம் ஒரு சுற்றுக்கு 5 மீட்டரைச் சற்றே தாண்டும். மணிக்கு 90-ல் போனால் நிமிஷத்துக்குக் கிட்டத்தட்ட 300 சுற்று. அதே 300 சுற்றை 2 மீட்டர் சக்கரத்தில் வைத்துப் பாருங்கள், சுற்றுக்கு 6.28 மீட்டர், மணிக்கு 113 கிலோமீட்டர் வந்துவிடும். பிஸ்டன் முன்னும் பின்னும் போகிற வேகம், கனெக்டிங் ராடு தூக்கி அடிக்கிற அடி, இவை சுற்றைப் பொறுத்தவை. 424-ஐ 120-ல் ஓட்ட வேண்டுமானால் நிமிஷத்துக்கு 400 சுற்று வேண்டும், அந்த கனத்த ராடுகளுக்கு அது ஆகாது. ஆகவே 100-க்கு மேலே தினமும் ஓட்ட ஆசைப்பட்டால் பெரிய சக்கரம் வேண்டும்.

அந்த ஆசை அவர்களுக்கு 1936-லேயே வந்தது. 242 என்று ஒன்று செய்தார்கள். 4-4-4 டேங்க் எஞ்சின், மேலே காற்றைக் கிழிக்கும் உறை, சக்கரம் இதே 2 மீட்டர். லேசான, வேகமான வண்டிகளுக்காக. மொத்தம் நாலுதான் செய்தார்கள். 303 அந்த ஆசையின் பெரிய வடிவம். கனமான எக்ஸ்பிரஸையும் அதே வேகத்தில் இழுக்க வேண்டும் என்று செய்தது, நிலக்கரி தள்ளுவதற்கு மெக்கானிக்கல் ஸ்டோக்கர் வைத்தது. மட்டமான நிலக்கரியை மண்வெட்டியால் அள்ளி இவ்வளவு பெரிய பாய்லருக்குத் தீனி போட ஒரு ஃபயர்மேனால் ஆகாது.

இனி மீதிக் காரணம். நாட்டிலேயே வேகமாக ஓட வேண்டிய பாதை எது? புடாபெஸ்டிலிருந்து மேற்கே வியன்னாவை நோக்கிப் போவது. அந்தப் பாதையில் 1932-லிருந்தே மின்சார எஞ்சின் வந்துவிட்டது, 1934-ல் எல்லையில் இருக்கும் ஹெட்யெஷ்ஹாலொம் வரை கம்பி போய்ச் சேர்ந்தது. கால்மான் கண்டோ என்ற மேதையின் வேலை. வீட்டுக்கும் ஆலைக்கும் வருகிற அதே 50 சைக்கிள் மின்சாரத்தை, 16 கிலோவோல்ட்டில், நேரே ரயிலுக்குக் கொடுத்தார். அதே 1934-ல் கான்ஸ் ஆலையின் ஆர்பாட் டீசல் ரயில்கார் புடாபெஸ்டிலிருந்து வியன்னாவை மூன்று மணி நேரத்துக்குள் தொட்டது. வேகம் எங்கே தேவையோ அங்கே ஸ்டீமுக்கு இடம் 1930-களிலேயே சுருங்கிவிட்டது.

கண்டோவின் மின்சாரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பான்ஹிடா அனல்மின் நிலையத்திலிருந்து. பக்கத்திலேயே டட்டாபான்யாவின் பழுப்பு நிலக்கரி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. நெய்வேலி நிலக்கரியில் பாதி ஈரம். அதை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது தண்ணீரைச் சுமப்பதற்குச் சமம். அதனால்தான் சுரங்க வாசலிலேயே எரித்து மின்சாரமாக அனுப்புகிறோம். டெண்டரில் கெட்ட நிலக்கரியை ஏற்றிக்கொண்டு 110-ல் ஓடுவதைவிட, அதைச் சுரங்கத்தின் பக்கத்தில் பெரிய பாய்லரில் எரித்துக் கம்பி வழியாக எஞ்சினுக்கு அனுப்புவது எத்தனையோ மேல். ஹங்கேரிக்காரர்கள் ப்ரோட்டான் குழாய், பெட்ஸ்-ரெய்டோ டோம் என்று போராடிப் போராடி, கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஆக 1951-ல் நிலைமை இப்படி: முக்கியப் பாதையில் கம்பி, மற்ற பாதைகளில் 424, அதுவும் இன்னும் புதிதாக ஆலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஷெட்டுகளில் அதற்கான உதிரிபாகம் குவிந்து கிடக்கிறது, டிரைவர்களுக்கு அதன் ஒவ்வொரு ஓசையும் அத்துப்படி. மூன்றாவது 303-ஐச் செய்து எங்கே ஓட்டுவது? எஞ்சின் சரியில்லை என்று யாரும் ஒதுக்கவில்லை. ஆகவே பலகையில் "தோல்வி" என்று எழுதாதீர்கள். அது ஒரு நல்ல எஞ்சினுக்குச் செய்கிற அநியாயம்.

ஓ.டி. ஜங்ஷன் எழுதியது:

சார், கண்டோ விஷயத்தை நம் ஊரோடு சேர்த்து ஒரு வரி. 50 சைக்கிள் மின்சாரத்தை நேரே ரயிலுக்குக் கொடுக்கலாம் என்று அவர் காட்டிய வழிதான் பிற்பாடு 25 கிலோவோல்ட்டாக வளர்ந்து உலகமெங்கும் போனது. 1960-களில் தாம்பரம்–விழுப்புரம் மீட்டர்கேஜ் பாதையில் அந்த 25 கிலோவோல்ட் வந்தது. எழும்பூரிலிருந்து விழுப்புரம் வரை மின்சார எஞ்சின், விழுப்புரத்தில் அதைக் கழற்றிவிட்டு ஸ்டீம் எஞ்சின் மாட்டி, கடலூர் வழியாக மாயவரம் பக்கம் போகும். எங்கள் ஓ.டி. பிளாட்பாரத்தில் நின்றால் ஒய்பி-யின் புகைதான். பிராட்கேஜ் ஆக்கி 2010-ல் திறந்த பிறகு வந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாது.

மாடல் செய்கிற தம்பிக்கு: 303-ஐ மட்டும் செய்தால் கதை பாதிதான். பக்கத்தில் ஒரு 424 வையுங்கள்.

முதலியார்பேட்டை மாடல் எழுதியது:

அண்ணா, அதையேதான் நானும் நினைத்தேன். இரண்டையும் செய்யப்போகிறேன், முதலில் 424. 1:20-ல் 303-ன் சக்கரம் சரியாக 100 மில்லிமீட்டர், 424-க்கு 80 மில்லிமீட்டரும் ஒரு நூலிழையும். வில்லியனூரில் எனக்குப் பழக்கமான லேத் பட்டறையில் தேக்கில் கடைந்து பித்தளை வளையம் போட்டுத் தருவார்கள். பெட்ஸ்-ரெய்டோ டோமின் மூடியைத் திறந்தால் உள்ளே தட்டு தெரிகிற மாதிரி செய்ய முடியுமா என்று பார்க்கிறேன்.

பலகை வாசகம் இப்படி வைக்கலாமா சார்? "303: ஹங்கேரி, 1951. இரண்டு எஞ்சின்கள். வேகப் பாதைக்கு மின்சாரமும், மற்ற பாதைக்கு 424-ம் இருந்ததால் மூன்றாவது தேவைப்படவில்லை."

கெடிலக்கரை எழுதியது:

வாசகம் பிரமாதம் தம்பி, ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்.

424 செய்யும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். பாய்லர் நல்ல உயரத்தில் உட்கார்ந்திருக்கும். ஃபயர்பாக்ஸைச் சட்டத்துக்கு நடுவே இறுக்காமல் மேலே தூக்கி அகலமாக வைத்திருக்கிறார்கள். மட்டமான நிலக்கரிக்கு அது எரியும் அடித்தட்டு அகலமாக இருந்தால்தான் போதுமான சூடு வரும். படத்தைப் பார்த்து அளவெடுக்கிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று பாய்லரைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவார்கள், அப்படிச் செய்துவிடாதீர்கள். சக்கரங்களுக்கு மேலே வெளிச்சம் தெரிய வேண்டும்.

இன்னொன்று, லேத்துக்குக் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள். 1606 என்பதும் 2000 என்பதும் தண்டவாளத்தில் உருள்கிற பரப்பின் விட்டம். சக்கரம் தடம் விலகாமல் பிடிக்கும் விளிம்பான ஃபிளேஞ்ச் அதற்கு வெளியே தனி. வெளி விளிம்பையே 100 என்று கடைந்துவிட்டால் எஞ்சின் முழுவதும் தாழ்ந்து போகும். டோமுக்குள் வைக்கும் தட்டுக்கு மெல்லிய பித்தளைத் தகடு நன்றாக இருக்கும். முடிந்ததும் படம் போடுங்கள்.